மகாபலிபுரத்தில் முப்பத்தாறு படங்கள்

“ஏன்டி, பிலிம் சரியாக மாட்டியிருக்கிறாயா? உள்ளே சுற்றுகிறதா என்று பார்த்தாயா?”

விடியற்காலை நாலரை மணிக்குக் காரில் ஏறி உட்கார்ந்ததும் என் தாயார் கேட்ட முதல் கேள்வி இது. அவளுக்கு வயது எண்பது. என் மடியில் இருந்த காமிராவில் பிலிம் என்ற வஸ்துவே கிடையாது என்று முந்தின நாள் இரவே மூன்று முறை சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு மனத்தாங்கல் இருக்கிறது.

1971-ஆம் வருஷம் காணும் பொங்கலன்று எங்கள் குடும்பம் மகாபலிபுரம் போயிற்று. எனக்கு அப்போது ஐந்து வயது, தம்பி கைக்குழந்தை. சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா அப்பாவுக்கு ஒரு ஜப்பான் காமிரா கொடுத்திருந்தார். தோல் உறை போட்டது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அப்பா அன்று முழுவதும் ஓடி ஓடிப் படம் எடுத்தார். அம்மாவோ ஒரு கையில் டிபன் காரியரும் மறு கையில் தம்பியுமாக ஒரு மரத்தடியில் நின்றாள். நான் வேறு, “காலை வலிக்கிறது, தூக்கு” என்று அழுதேனாம். தொடர்கதை வாரா வாரம் வந்ததைச் சேர்த்துப் பைண்டு செய்து, பல்லவச் சிற்பிகளையே உறவுக்காரர்கள் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். அவள் அந்த ஊரில் கண்டது இரண்டு கல் யானைகளின் முதுகு மட்டும்தான். மற்றதெல்லாம் ஜனங்களின் தலை!

“கவலைப்படாதே. எல்லாவற்றையும் படம் பிடித்துவிட்டேன். வீட்டில் நிதானமாகப் பார்க்கலாம்” என்றாராம் அப்பா.

ரோல் கழுவி வந்தபோது அதில் ஒன்றுமே இல்லை. பிலிமின் நாக்கு சுருளில் சரியாகக் கவ்வவில்லை. ஒவ்வொரு முறையும் ‘டக்’கென்று சத்தம் கேட்டது, எண் காட்டும் முள்ளும் நகர்ந்தது, பிலிம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. முப்பத்தாறு படமும் போயிற்று. அதற்குள் அப்பா ஆல்பத்தின் கறுப்புத் தாளில் வெள்ளை மசியால் ‘மகாபலிபுரம், 1971’ என்று அழகாகத் தலைப்பு வேறு எழுதிவிட்டார். அந்த இரண்டு பக்கம் இன்றைக்கும் காலியாகவே இருக்கின்றன. அப்பாதான் இல்லை.

அம்மாவுக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது. “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் ஆபரேஷன் செய்துகொள்ளலாம்” என்கிறார் டாக்டர். வெளிச்சம் குறைந்த இடத்தில் அவளுக்கு எல்லாம் புகைமூட்டம்தான். ‘அதற்குள் ஒரு முறை மகாபலிபுரம்’ என்று எனக்குத் தோன்றியதற்கு இதுவே காரணம்.

காமிரா வாங்கியதற்கும் அதுவே காரணம் என்று சொன்னால் என் பிள்ளை சிரிப்பான். “கையில்தான் போன் இருக்கிறதே, அம்மா! அது போதாதா?” என்று அவன் கேட்டான். வீட்டு விசேஷத்துக்கும், வாசல் கோலத்துக்கும், காய்கறிக்காரர் பாக்கி சொல்லும் சீட்டுக்கும் போன் போதும் என்பதுதான் என் அபிப்பிராயமும். ஆனால் இருட்டு மண்டபத்துக்குள் நிற்கும் கல்லைப் போனில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? உளியின் தடமெல்லாம் போய், சிலை மெழுகில் வார்த்தது போல வழவழவென்று வந்து நிற்கும். கிடைத்த கொஞ்சம் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு மீதியைப் போன் தானாக ஊகித்து நிரப்புவதால் வரும் வினை அது.

நான் வாங்கியது நிக்கான் இஸட்5. 2020 ஜூலையில் அறிமுகமானது. 2025 ஏப்ரலில் அதன் தங்கை இஸட்5-இரண்டு வந்ததும் கடைக்காரர் அக்காளின் விலையை இறக்கினார். நான் அக்காளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ‘ஃபுல் ஃபிரேம்’, ‘மிரர்லெஸ்’ என்று இரண்டு பட்டங்கள் இதற்கு உண்டு. இந்த இனத்தில் இது முதல் படிக்கட்டு. முதல் படிக்கட்டே லட்ச ரூபாயையொட்டி இருக்கிறது என்பதை வீட்டில் மெதுவாகத்தான் சொன்னேன்.

பட்டங்களுக்கு அர்த்தம் என்ன என்று கேட்கிறீர்களா? ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற ஊரில் ஆஸ்கர் பார்னாக் என்று ஒரு கருவி நிபுணர் இருந்தார். மனிதருக்கு ஆஸ்த்மா. கண்ணாடித் தகடும் பெட்டியும் முக்காலியுமாக அந்தக் காலத்துக் காமிராவைச் சுமந்துகொண்டு மலை ஏற அவரால் முடியவில்லை. சினிமாப் பிலிமைக் குறுக்கே திருப்பி, இரண்டு சினிமாச் சட்டங்களின் இடத்தை ஒரே படத்துக்கு எடுத்துக்கொண்டு, கையடக்கமாக ஒரு காமிரா செய்தார். 1914-ல் அதன் மாதிரி தயாராகிவிட்டது. உலக யுத்தம் குறுக்கிட்டதால் 1925-ல்தான் ‘லைகா’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் அளவு 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். அப்பாவின் ஜப்பான் காமிராவிலும் அதே அளவுதான். இப்போது பிலிம் இருந்த இடத்தில் சென்ஸார் என்ற சில்லு இருக்கிறது. அந்தச் சில்லும் அதே அளவில் முழுசாக இருந்தால் அது ஃபுல் ஃபிரேம். இதைவிடச் சின்னக் காமிராக்களில் சில்லின் பரப்பு இதில் பாதிக்கும் குறைவு. போனில் உள்ளது அதைவிடவும் பொடி.

சில்லு பெரிதாக இருந்தால் என்ன லாபம்? மழை பெய்கிறபோது முற்றத்தில் அண்டாவையும் வைக்கிறோம், டம்ளரையும் வைக்கிறோம். பெய்கிற மழை ஒன்றுதான். ஆனால் தூறல் நின்ற பிறகு அண்டாவில் ஒரு குடம் தேறும். டம்ளரில் ஒரு வாய் தேறுமா? வெளிச்சமும் அப்படித்தான். கொட்டுகிற மழையில் டம்ளரும் நிரம்பிவிடும். அதனால்தான் பட்டப்பகலில் போன் படமும் பிரமாதமாக இருக்கிறது. தூறலில்தான் அண்டாவின் அருமை தெரியும்.

‘மிரர்லெஸ்’ என்றால் கண்ணாடி இல்லாதது. பழைய பெரிய காமிராக்களின் வயிற்றுக்குள் ஒரு கண்ணாடி சாய்வாக நின்று, லென்ஸ் காணும் காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். பொத்தானை அழுத்தினால் ‘கிளாக்’கென்று எழும்பி வழிவிடும். இதில் அந்தக் கண்ணாடி இல்லை. சென்ஸார் காண்பதை உள்ளே ஒரு சின்னத் திரை நமக்கு நேரே காட்டுகிறது. படம் எந்த வெளிச்சத்தில் விழப்போகிறதோ, அந்த வெளிச்சத்திலேயே முன்கூட்டித் தெரிகிறது. ரசம் கொதிக்கும்போதே உப்பு பார்த்துவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பிரயாணத்துக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்தான். பிள்ளை ஓட்டினான். அம்மா முன் சீட்டில் காப்பி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, கடக்கும் ஊர்ப் பெயர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். நாங்கள் சேர்ந்தபோது கீழ்வானம் வெளுத்திருந்தது.

சூரியோதயத்தைக் கடற்கரையில் பார்த்தோம். ராஜசிம்மன் காலத்துக் கடற்கரைக் கோயில் கரையிலிருந்து பார்க்கும்போது கறுப்பு நிழலாக நின்றது. அதன் பின்னால் ஆரஞ்சு வர்ணத்தில் ஆகாயம். இப்படிப்பட்ட இடத்தில் ஒன்று ஆகாயம் வெளுத்துப்போகும், அல்லது கோயில் கரிக்கட்டையாகும். ‘ரா’ என்ற கச்சா முறையில் படத்தைப் பதிந்துகொண்டால், பிறகு வீட்டில் கம்ப்யூட்டரில் நிழலை மட்டும் தூக்கிக்கொள்ளலாம். கரியாகத் தெரிந்த விமானத்தில் அடுக்கடுக்காக வேலைப்பாடு வெளியே வந்தது. ஆகாயமும் கெடவில்லை. இது பெரிய சில்லின் இன்னொரு சௌகரியம். அங்கே ஒன்றே ஒன்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்: கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். கண்ணாடி மறைப்பு இல்லாததால் சென்ஸார் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. மணலும் உப்புக் காற்றும் அழையாத விருந்தாளிகளாக உள்ளே போய்விடும்.

ஆனால் அம்மாவுக்குக் கடல் முக்கியமில்லை. “அந்த யானைப் பாறைக்குப் போகலாம்” என்றாள்.

அர்ச்சுனன் தபசு என்கிறோமே, அந்தப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராக விழும் என்பதால் அதற்கு ஏழு மணியைப் போல நல்ல வேளை வேறில்லை. ஏறக்குறைய 90 அடி நீளத்துக்குக் கந்தருவரும் நாகரும் வேடரும் மிருகங்களுமாக ஓர் உலகமே நடுவிலுள்ள பிளவை நோக்கி நகர்கிறது. அர்ச்சுனன் தவமா, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதையா என்று பண்டிதர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். அம்மா அந்த வழக்கில் தலையிடவில்லை. கம்பி வேலிக்கு இந்தப்புறம் நின்றுகொண்டு, கையைப் புருவத்தில் வைத்து உற்று உற்றுப் பார்த்தாள்.

“யானை தெரிகிறது. மற்றதெல்லாம் கலங்கலாக இருக்கிறது. போகட்டும், யானையையாவது இரண்டாம் தடவை பார்த்தேனே.”

நான் பூனையைப் படம் எடுத்தேன். பெரிய யானையின் தந்தத்துக்கருகே ஒரு பூனை பின்காலில் நின்று, முன்காலைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் பக்தியோடு உட்கார்ந்திருக்கின்றன. எடுத்த படத்தைக் காமிராவின் பின்திரையில் போட்டு, விரலால் இரண்டு தடவை தட்டிப் பெரிதாக்கி அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். 24 மெகாபிக்ஸல் படம். பெரிதாக்கப் பெரிதாக்கப் பூனையின் விலா எலும்பு வரை தெரிந்தது.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அட திருட்டுப் பயலே!” என்றாள் பூனையைப் பார்த்து.

அப்புறம் கேட்பானேன்! “அது என்ன? இது என்ன?” என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானை எடுத்தேன். யானையின் காலடியில் படுத்திருக்கும் குட்டிகளை எடுத்தேன். நான் எடுப்பது, அவள் திரையில் பார்ப்பது, பிறகு நிமிர்ந்து பாறையில் அதே இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது. இப்படி முக்கால் மணி நேரம் போயிற்று. திரையில் ஒரு முறை கண்டபின் பாறையிலும் அது அவளுக்குப் புலப்பட்டதுதான் விசேஷம். பிள்ளை தன் போனிலும் எடுத்துக் காட்டினான். அந்த வெயிலில் அவனுடையதும் என்னுடையதும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் முகத்தில் வெற்றிப் புன்னகை! ஒரு லட்சத்தைக் கடலில் போட்டவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

அவன் புன்னகை பக்கத்திலேயே இருக்கும் கிருஷ்ண மண்டபம் வரைதான் நிலைத்தது.

இந்த மண்டபத்தின் கதை வேடிக்கையானது. கண்ணன் கோவர்த்தன கிரியைத் தூக்கும் சிற்பத்தைப் பல்லவர்கள் வெட்டவெளிப் பாறையில்தான் செதுக்கினார்கள். பல நூற்றாண்டுக்குப் பிறகு விஜயநகரத்தார் காலத்தில் அதன் முன்னே தூண் மண்டபம் கட்டினார்கள். கடவுளை மழையிலிருந்து காத்த புண்ணியம் அவர்களுக்கு. பின்சுவர் இருண்டுபோனது நமக்கு. அம்மா உள்ளே வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். “எனக்கு ஒன்றும் தெரியவில்லையடி. நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே நிற்கிறேன்” என்றாள்.

மரத்தடியில் நின்றவளின் குரல் அப்படியே இருந்தது.

முக்காலி வைத்து எடுத்தால் சுலபம். ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். காமிராவோடு வந்த 24-50 லென்ஸ் இங்கே உதவாது. எடை 195 கிராம்தான், பைக்குள் அடக்கமாக மடங்கும், ஆனால் அதன் ஜன்னல் சிறியது. தனியாக வாங்கிய 40 மில்லிமீட்டர் எஃப்-2 லென்ஸை மாட்டினேன். அதன் ஜன்னல் விசாலம். காமிரா வாங்குகிறவர்கள் பணத்தையெல்லாம் பெட்டியில் போட்டுவிட்டு லென்ஸுக்குக் கையை விரிப்பார்கள். பெட்டி முதல் படிக்கட்டில் இருக்கட்டும், லென்ஸ் நல்லதாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

ஷட்டரை விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கில் வைத்தேன். சாதாரணமாக அவ்வளவு நேரம் கை ஆடாமல் இருக்காது. இந்தக் காமிராவில் சென்ஸாரே மிதக்கிற மாதிரி அமைந்திருக்கிறது. நம் கை இந்தப் பக்கம் ஆடினால் அது அந்தப் பக்கம் நகர்ந்து சரிக்கட்டிவிடும். ததும்பாமல் எண்ணெய்க் கிண்ணம் ஏந்தி வருகிற பெண்ணைப் போல! இதே முதல் படிக்கட்டில் 2019-ல் வந்த கானன் ஆர்.பி. என்ற காமிராவும் உண்டு. எடை குறைவு, பெண்கள் கைக்கு அடக்கம். ஆனால் இந்த மிதக்கும் வித்தை அதில் இல்லாததால்தான் நான் கனத்தைத் தேர்ந்தெடுத்தேன். பாட்டரியும் கார்டுமாகச் சேர்ந்து இது 675 கிராம்.

இடத்தின் அமைதிக்காகச் சத்தமில்லாமல் எடுக்கும் முறையில் வைத்திருந்தேன். அம்மா விடவில்லை. “எடுத்தாயா, இல்லையா? சத்தமே வரவில்லையே?”

“சத்தம் வர வேண்டுமானால் வைக்கிறேன், அம்மா.”

“வேண்டாம், வேண்டாம். சத்தத்தை நம்பி ஒரு தடவை மோசம்போனது போதும். படத்தைக் காட்டு.”

காட்டினேன். இருண்ட சுவர் திரையில் பகல் மாதிரி விளங்கிற்று. மாட்டிடம் குந்தி உட்கார்ந்து ஒருவன் பால் கறக்கிறான். மாடு திரும்பிக் கன்றை நக்குகிறது. அதன் நாக்கு தெரிந்தது. அப்பால் தலையில் பானைகளை அடுக்கிச் சுமந்தபடி ஒரு பெண். பிள்ளை தன் போன் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அம்மா அந்தப் பானைக்காரியையே பெரிதாக்கச் சொன்னாள். “எல்லாரும் மலையைப் பார்க்கிறார்கள். இவள் மட்டும் மூட்டையோடு நிற்கிறாள், பார்த்தாயா?” என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, “அவரை நான் அவ்வளவு சொல்லியிருக்க வேண்டாம். போகும் வரைக்கும் சொல்லிக் காட்டினேன்” என்றாள்.

நான் என்ன பதில் சொல்வது? காமிராவை அவள் கையில் கொடுத்தேன். “நீ ஒன்று எடு” என்றேன்.

“எனக்கா? என் கை நடுங்குமே!”

“நடுங்கட்டும்.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, வியூஃபைண்டர் பக்கத்திலுள்ள சின்னத் திருகை அவள் பார்வைக்குத் தக்கபடி திருப்பினேன். “போதும், இப்போது தெரிகிறது” என்றாள். மண்டபத்து வாசலில் போய் நின்றேன். முகத்தைத் தேடிக் கண்ணில் குறி வைக்கிற வேலையைக் காமிரா தானாகவே செய்கிறது, “உன் கண்ணில் ஒரு கட்டம் விழுந்திருக்கிறதே, அது என்ன?” என்று அதற்குள் அவள் பயந்துவிட்டாள். பொத்தானை ஊசி குத்துவது போல அழுத்தினாள். படத்தில் மண்டபம் சாய்ந்திருக்கிறது, என் தலைக்கு மேல் ஏகப்பட்ட கூரை. ஆனால் என் கண் இரண்டும் தெளிவாக விழுந்திருக்கின்றன. நடுங்கிய கையால் எடுத்த படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு ஒரு ஹோட்டலில் இட்டிலி சாப்பிட்டோம். அங்கே மேஜையில் காமிராவுக்குப் பவர் பாங்கிலிருந்தே சார்ஜ் ஏற்றினேன். ஒரு பாட்டரிக்கு நானூறு படம் வரை வரும் என்றதும் அம்மா, “நானூறா! அவருக்கு முப்பத்தாறுதானே இருந்தது” என்றாள். கார்டு கெட்டுவிட்டால் என்ன செய்வாய் என்றும் கேட்டாள். உள்ளே இரண்டு கார்டு, ஒரே படம் இரண்டிலும் பதிகிறது என்று திறந்து காட்டினேன். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது.

குறையும் சொல்ல வேண்டுமல்லவா? பின்திரை மேலும் கீழும் சாய்கிறதே தவிர, முன்பக்கம் திரும்பாது. தன்னைத் தானே எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சரிப்படாது. விநாடிக்கு நாலரைப் படம்தான் எடுக்கும். பறவை பிடிக்கிறவர்களுக்கு அது போதாது. 4-கே வீடியோவில் ஓரங்களை வெட்டிவிடுகிறது. சிலைக்கும் தாயாருக்கும் இந்த வேகம் போதும். இரண்டு பேரும் ஓடப் போவதில்லை.

மறுநாள் அம்மா பழைய ஆல்பத்தை எடுத்துவைத்தாள். நான் எடுத்தது இருநூற்றுப் பன்னிரண்டு படம். அதிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி முப்பத்தாறாகக் குறைத்தாள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பழைய பிரிண்ட் மாதிரிச் சின்ன அளவில் போட்டு வாங்கினோம். இரண்டு பக்கத்துக்கு முப்பத்தாறு கொள்ளுமா? பூனையும் மானும் பால்காரனும் பின் பக்கங்களுக்கும் வழிந்தார்கள். தான் எடுத்த கோணல் படத்தை நடுவில் ஒட்டச் சொன்னாள்.

“தலைப்பில் 1971 என்று இருக்கிறதே, அம்மா. மாற்றிவிடட்டுமா?” என்றேன், வெள்ளை மசிப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு.

“அவர் எழுதினது இருக்கட்டும். கீழே சின்னதாக நேற்றைய தேதியைப் போடு” என்றாள் அம்மா.